ஏறிய வண்டி ஏன் இறங்கவில்லை? மலைப்பாதைக் குளிர்காலத்துக்கு வாகனம் தேர்ந்த ஒரு நிகழ்வு ஆய்வு

ஜனவரி மூன்றாவது வாரம், பிற்பகல் மூன்றரை மணி. என் தங்கையின் வண்டி மலைப்பாதையின் ஐந்தாவது கொண்டை ஊசி வளைவில் திரும்பவில்லை. நேராகப் போய், சாலையோரம் குவித்திருந்த பனிமேட்டில் மூக்கைப் புதைத்து நின்றது. அவளுக்குக் காயம் இல்லை. முன் பம்பர் உடைந்தது, ஒரு விளக்கு நொறுங்கியது. அந்தப் பனிமேட்டுக்கு அப்பால் தடுப்புச் சுவர் எதுவும் கிடையாது என்பதை மறுநாள் நேரில் போய் நின்றபோதுதான் பார்த்தேன். அதன் பிறகு இரண்டு இரவுகள் எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த வண்டியை வாங்கச் சொன்னவன் நான்.

அவள் செவிலியர். மலைமேல் இருக்கும் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை. வீட்டிலிருந்து 28 கிலோமீட்டர். அதற்குள் 750 மீட்டர் உயரம் ஏற வேண்டும். முதல் 22 கிலோமீட்டர் சாதுவான சாலை. கடைசி 6 கிலோமீட்டரில் ஒன்பது கொண்டை ஊசி வளைவுகள். அங்கே சாய்வு பல இடங்களில் பத்து சதவீதம், அதாவது நூறு மீட்டர் போனால் பத்து மீட்டர் ஏறும் சாலை. காலைப் பணி ஆறு மணிக்குத் தொடங்குகிறது. பனி அகற்றும் வண்டி அந்தச் சாலைக்கு வருவதும் ஆறு மணிக்குத்தான். ஆகவே இரவில் பனி பெய்த நாள்களில் முதல் ஆளாகத் தடம் பதித்துக்கொண்டு ஏறுகிறவள் அவள்.

எட்டு ஆண்டுகளுக்கு முன்பு "என்றாவது மலைக்குப் போக நேரும், நான்கு சக்கர இயக்கம் உள்ளதாக வாங்கு" என்று சொன்னேன். வாங்கினாள். சற்று உயரமான, குடும்பத்துக்கு ஏற்ற, நான்கு சக்கரங்களுக்கும் இன்ஜின் விசை போகும் வண்டி. டயரைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. மலைமேல் வேலை கிடைத்து மூன்று குளிர்காலம்தான் ஆகிறது. அதற்கு முன்பு அவள் சமவெளிச் சாலைகளில் மட்டுமே ஓட்டினாள்.

விபத்துக்கு மறுநாள் அவள் என்னிடம் கேட்டது இதுதான்: "காலையில் தடுமாற்றமே இல்லாமல் ஏறியது அண்ணா. அதே வண்டி, அதே சாலை, அதே நாள். இறங்கும்போது மட்டும் ஏன் நிற்கவில்லை?"

புதிய வண்டி தேடும் வேலை இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்கியது. நியாயமான கேள்வி. குளிர்கால மலைப்பாதைக்கு வாகனம் தேடுகிற பெரும்பாலானோர் ஏறுவதைப் பற்றித்தான் கேட்கிறார்கள். விற்பனையாளரும் அதைப் பற்றித்தான் பேசுகிறார். விளம்பரங்களிலும் வண்டி எப்போதும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது.

வளைவில் கண்டவை

சறுக்கிய தடம் மறுநாளும் அழியாமல் இருந்தது. வளைவுக்கு 24 மீட்டர் முன்பே அவள் பிரேக்கை அழுத்தியிருக்கிறாள். அப்போது வேகம் சுமார் 30 கிலோமீட்டர் என்கிறாள். நான் அதை நம்புகிறேன், ஏனென்றால் அவள் நிதானமாக ஓட்டுகிறவள். வளைவின் உட்பக்க ஆரம் 12 மீட்டர் அளவுக்கு இருந்தது. இறுகிய பனியில் அவ்வளவு குறுகிய வளைவில் திரும்ப, 15 கிலோமீட்டருக்கு இறங்கியிருக்க வேண்டும்.

வானிலையும் மாறியிருந்தது. காலை ஐந்தரை மணிக்கு வெப்பநிலை மைனஸ் 9. புதுப்பனி உலர்ந்து, காலடியில் நொறுநொறுவென்று இருந்தது. மாலைக்குள் வெயில் பட்டு, வாகனங்கள் மிதித்து, சாலை இறுகி மெருகேறிவிட்டது. வெப்பநிலை பூஜ்யத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. கடுங்குளிர்தான் ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். மைனஸ் 15-இல் இருக்கும் பனிக்கட்டியைவிடப் பூஜ்யத்தில் இருக்கும் பனிக்கட்டிதான் மிக வழுக்கும், ஏனென்றால் அதன் மேற்பரப்பில் மெல்லிய நீர்ப்படலம் உருவாகிவிடுகிறது. குளிர் குறைந்துவிட்டது என்று மனம் ஆறுதல் கொள்ளும் நேரத்தில்தான் சாலை மோசமாகிறது.

டயர்களைப் பார்த்தேன். வண்டியோடு வந்த அதே ரகம், ஒருமுறை மாற்றியவை. வரிப்பள்ளத்தின் ஆழம் 4 மில்லிமீட்டர். பக்கவாட்டில் எம் பிளஸ் எஸ் என்ற குறி. சேறும் பனியும் தாங்கும் என்று அதற்குப் பொருள், ஆனால் அது தயாரிப்பாளர் தாமே பொறித்துக்கொள்ளும் குறி. அதைப் பெற எந்தப் பனிச் சோதனையும் தேவையில்லை. மூன்று சிகரம் உள்ள மலைக்குள் ஒரு பனித்துகள் வரைந்த குறி வேறு. 1999-இல் வட அமெரிக்காவில் அறிமுகமான அந்தக் குறியைப் பெற, டயர் இறுகிய பனியில் ஓட்டிப் பார்க்கப்பட்டு, ஓர் ஒப்பீட்டு டயரைவிடக் குறிப்பிட்ட அளவு கூடுதலாகப் பிடித்துக் காட்ட வேண்டும். தங்கையின் டயரில் மலையும் இல்லை, பனித்துகளும் இல்லை.

மீட்டர் அளவில் விடை

வண்டியைச் சரிசெய்த பிறகு, பனி பெய்த ஒரு காலை, மலையடிவாரத்தில் குளிர்காலம் முழுவதும் மூடிக் கிடக்கும் பெரிய வாகன நிறுத்துமிடம் ஒன்றுக்கு அனுமதி வாங்கிக்கொண்டு போனோம். தரை சமதளம், பனி இறுகியிருந்தது, வெப்பநிலை மைனஸ் 4. அவளே ஓட்டினாள். 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, நட்டுவைத்த குச்சியைக் கடந்ததும் பிரேக்கை முழுவதுமாக அழுத்த வேண்டும். நான் நாடாவால் அளந்தேன். பழைய டயர்களோடு பத்து முறை. பிறகு அங்கேயே, தனி ரிம்களில் பொருத்திக் கொண்டுபோயிருந்த புதிய குளிர்கால டயர்களை மாற்றி இன்னும் பத்து முறை.

பழைய டயர்களின் சராசரி 19 மீட்டர். குளிர்கால டயர்களின் சராசரி 12.5 மீட்டர்.

இதை மட்டும் பார்த்தால் ஆறரை மீட்டர் வித்தியாசம், அவ்வளவுதானா என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. வீட்டுக்கு வந்து சாய்வைச் சேர்த்துக் கணக்குப் போட்டபோதுதான் என் கை நின்றது.

19 மீட்டரில் நிற்பது என்றால் உராய்வுக் கெழு, அதாவது டயர் தரையை எவ்வளவு பிடிக்கிறது என்று சொல்லும் எண், ஏறத்தாழ 0.19. 12.5 மீட்டர் என்றால் 0.28. காய்ந்த தார்ச்சாலையில் இது 0.8 அளவுக்கு இருக்கும். பத்து சதவீத இறக்கத்தில் புவியீர்ப்பு இந்த எண்ணிலிருந்து 0.10-ஐ எடுத்துக்கொள்கிறது. டயர் நல்லதா கெட்டதா என்று அது பார்ப்பதில்லை. தலைக்கு இவ்வளவு என்று விதிக்கப்படும் வரி பணக்காரனை உறுத்தாமல் ஏழையை நசுக்குமே, அதைப் போன்றது. 0.28 வைத்திருந்தவனிடம் 0.18 மிஞ்சுகிறது. 0.19 வைத்திருந்தவனிடம் 0.09-தான் மிஞ்சுகிறது. 30 கிலோமீட்டரிலிருந்து முழுவதுமாக நிற்க, குளிர்கால டயருக்கு 20 மீட்டர் போதும். பழைய டயருக்கு 40 மீட்டர் வேண்டும். நிற்காமல் 15-க்கு மட்டும் வேகத்தைக் குறைக்க, முன்னதற்கு 15 மீட்டர், பின்னதற்கு 30.

அவளிடம் இருந்தது 24 மீட்டர்.

அதுவும் மைனஸ் 4-இல் அளந்த எண்களை வைத்து. அன்று மாலை அந்தச் சாலையில் இருந்தது இதைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

இனி ஏற்றத்துக்கு வருவோம், ஏனென்றால் அவளுடைய கேள்வியின் மறுபாதி அங்கே இருக்கிறது. நான்கு சக்கரங்களும் இழுக்கும்போது வண்டியின் முழு எடையும் பிடிமானத்துக்கு உதவுகிறது. 0.19 உராய்வு இருந்தால் பத்து சதவீத ஏற்றம் பெரிய விஷயமே இல்லை, கணக்குப்படி பத்தொன்பது சதவீதம் வரை ஏறலாம். முன்சக்கரங்கள் மட்டும் இழுக்கும் வண்டியில் எடையின் அறுபது சதவீதம்தான் முன்னே இருக்கும், ஏறும்போது அதிலும் கொஞ்சம் பின்னால் சாயும். அதே பழைய டயர்களோடு அப்படிப்பட்ட வண்டி பத்து, பதினொரு சதவீதத்தில் திணறியிருக்கும். முதல் வளைவிலேயே சக்கரம் வெறுமனே சுழன்றிருக்கும். அவள் திரும்பி வந்திருப்பாள்.

நான் வாங்கச் சொன்ன நான்கு சக்கர இயக்கம் அந்த எச்சரிக்கையை அவளிடமிருந்து மறைத்துவிட்டது. நிற்க முடியாத உயரத்துக்கு அவளைச் சுகமாக ஏற்றிக்கொண்டு போய் விட்டது. எல்லா வண்டிக்கும் பிரேக் நான்கு சக்கரங்களில்தான் இருக்கிறது. இரண்டு சக்கரம் இழுத்தாலும் நான்கு இழுத்தாலும், நிற்கும்போது தரையைப் பிடிப்பவை அதே நான்கு ரப்பர் பட்டைகள்.

கனமான வண்டி பனியை அழுத்திப் பிடிக்கும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. எடை கூடினால் பிடிமானம் கூடுகிறது, உண்மை. ஆனால் நிறுத்த வேண்டிய உந்தமும் அதே அளவு கூடுகிறது. கணக்கில் இரண்டும் அடித்துக்கொண்டு போய்விடும். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும், 1978 முதல் கார்களில் பரவிய ஏ.பி.எஸ். வசதியும், 1995-இல் வந்த மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடும் வண்டி சுழன்றுவிடாமல் காப்பவை, திசை திருப்பும் ஆற்றலைக் கையில் வைத்திருக்க உதவுபவை. அவை இல்லாத வண்டியை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஆனால் தரையில் இல்லாத பிடிமானத்தை அவை எங்கிருந்து கொண்டுவரும்? தளர்ந்த பனியில் ஏ.பி.எஸ். நிற்கும் தூரத்தைச் சற்று நீட்டவும் செய்யும், ஏனென்றால் பூட்டிய சக்கரம் முன்னால் குவிக்கும் பனிக்குவியல் அதில் உருவாவதில்லை.

முதலில் டயர், பிறகே வண்டி

ஆக, அந்தக் குளிர்காலத்தின் மீதி நாள்களைப் பழைய வண்டியிலேயே, குளிர்கால டயர்களோடு கடந்தாள். அதுவே போதும் என்று நிறுத்தியிருக்கலாம். இப்படியொரு நிலையில் இருப்பவர்கள் யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது அதுதான்: இருக்கிற வண்டிக்கு நல்ல டயர் போட்டு ஒரு குளிர்காலம் ஓட்டிப் பாருங்கள். எங்கள் விஷயத்தில், நான்கு சக்கர இயக்கத்தின் இணைப்புக் கிளட்ச் தேய்ந்துவிட்டது என்று பழுது பார்த்தவர் சொன்னதால் வண்டியையும் மாற்ற வேண்டியிருந்தது.

டயர் ஏன் இவ்வளவு முக்கியம் என்று ஒரு பத்தி சொல்லிவிடுகிறேன். கோடைக்கால டயரின் ரப்பர் 7 பாகைக்குக் கீழே இறுகத் தொடங்குகிறது. இறுகிய ரப்பர் சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் புகாது. குளிர்கால டயரின் கலவை குளிரிலும் நெகிழ்வாக இருக்கும்படி செய்யப்படுகிறது. தரையைத் தொடும் அதன் ரப்பர்க் கட்டைகளில் நூற்றுக்கணக்கான மெல்லிய வெட்டுக்கோடுகள் இருக்கும். அவை பனியைக் கவ்வி வைத்துக்கொள்கின்றன, பனியோடு பனிதான் நன்றாக ஒட்டும். பள்ளம் தேயத் தேய இந்தக் கவ்வல் போய்விடுகிறது. ஆஸ்திரியாவில் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை, குளிர்காலச் சாலைநிலை இருக்கும்போது குளிர்கால டயர் கட்டாயம், அதற்குக் குறைந்தது 4 மில்லிமீட்டர் ஆழம் வேண்டும். தங்கையின் டயர் அந்த எல்லையில் நின்றது. ஜெர்மனி 2024 அக்டோபர் முதல் வெறும் எம் பிளஸ் எஸ் குறியைக் குளிர்கால டயராக ஏற்பதில்லை, மலையும் பனித்துகளும் இருக்க வேண்டும். சட்டம் எங்கே என்ன சொன்னாலும், அந்தக் குறியைத் தேடிப் பாருங்கள் என்பேன். அதற்கும் ஓர் எல்லை உண்டு. அது இறுகிய பனிக்கான சான்று, பனிக்கட்டிக்கான சான்று அல்ல.

எந்த வண்டி?

நான்கு வகைகளைப் பரிசீலித்தோம். தங்கை ஒரு நிபந்தனை வைத்தாள்: "ஏறுமா என்று முதலில் கேட்காதீர்கள் அண்ணா. எப்படி இறங்கும் என்று சொல்லுங்கள்." அந்த வரிசையிலேயே பார்த்தோம்.

முதலாவது, உயரமான, தனிச் சட்டகத்தின் மேல் உடல் அமர்ந்த முரட்டு ஜீப் வகை. எனக்கு இளவயதிலிருந்தே அந்த வகை வண்டிகள்மேல் ஆசை. தரை இடைவெளி தாராளம், பனியில் பிடிமானத்துக்காக டயரைச் சுற்றிச் சங்கிலி மாட்ட இடம் தாராளம். ஆனால் நாங்கள் பார்த்தது, தேவைப்படும்போது மட்டும் நெம்புகோலைத் தள்ளி நான்கு சக்கரத்துக்கு மாற்றும் வகை. முன் அச்சும் பின் அச்சும் அப்போது இறுக்கமாகப் பிணைந்துவிடும், இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கர அமைப்பு நடுவில் இல்லை. வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட நீண்ட வட்டத்தில் போக வேண்டும், பிணைப்பு அதற்கு இடம் தராது. பனியில் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்த முறுக்கைத் தீர்த்துக்கொள்ளும். காய்ந்த தாரில் தீராது, பல்சக்கரங்களில் ஏறி உட்காரும். அவளுடைய சாலையில் வெயில் படும் வளைவு காய்ந்திருக்கும், அடுத்த நிழல் வளைவு உறைந்திருக்கும். ஒவ்வொரு வளைவுக்கும் முன் நெம்புகோலைத் தள்ளுவது நடக்காத காரியம். தள்ள மறந்த இடத்தில் அது பாரம் குறைந்த பின்பக்கம் உள்ள, பின்சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டி. ஆழ்பனிக் காட்டுப்பாதைக்கு அது அரசன். நிழலும் வெயிலும் மாறி மாறி வரும் மலைச்சாலைக்கு அது பொருந்தவில்லை.

இரண்டாவது, சிறிய முன்சக்கர வண்டி. இதைப் பலர் ஏளனம் செய்வார்கள், செய்யக் கூடாது. நல்ல குளிர்கால டயரோடு 0.28 உராய்வில் அது பதினாறு சதவீதம் வரை ஏறும், அவள் சாலைக்கு அது போதும். இறங்கும்போது, பழைய டயர்களோடு இருந்த தங்கையின் நான்கு சக்கர வண்டிக்குத் தேவைப்பட்டதில் பாதி தூரத்தில் நிற்கும். சக்கரம் வழுக்கத் தொடங்கினால் உடனே தெரிந்துவிடும், அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். பனி அகற்றிய சாலையில் போகிறவருக்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. எங்களைத் தடுத்தது ஒன்றே ஒன்று: தரை இடைவெளி 14 சென்டிமீட்டர். பனி அகற்றும் வண்டிக்கு முன்னால் போகிறவள் அவள். குளிர்காலத்தில் நான்கைந்து காலைகளாவது அந்த 6 கிலோமீட்டரில் 15 முதல் 18 சென்டிமீட்டர் வரை பனி கிடந்ததாக அவள் குறித்து வைத்திருக்கிறாள். அடிப்பாகத்தைவிடப் பனி உயர்ந்தால் வண்டி பனியின்மேல் தவழத் தொடங்கும், சக்கரங்களின் அழுத்தம் குறையும். அதற்குப் பிறகு டயர் என்ன ரகம் என்பது முக்கியமில்லை.

மூன்றாவது, நான்கு சக்கர மின்வாகனம். குளிரில் மின்கலம் செத்துவிடும் என்று எல்லோரும் பயமுறுத்தினார்கள். 2024-இல் நார்வேயில் விற்ற புதிய கார்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது மின்சாரக் கார்கள். அங்கே மலையும் இருக்கிறது, குளிரும் இருக்கிறது. ஓடும் தூரம் குளிரில் கணிசமாகக் குறையும் என்பது உண்மைதான், வெப்பப் பம்பு உள்ள வண்டியில் அந்த இழப்பு சற்றுக் குறைவு. போக வர 56 கிலோமீட்டர்தான், தூரம் அவளுக்குப் பிரச்சினையே இல்லை. நாங்கள் கவலைப்பட்டது இறக்கத்தைப் பற்றி, அதில்தான் மின்வாகனம் என்னை வியக்க வைத்தது. இரண்டு டன் வண்டி 750 மீட்டர் இறங்கும்போது சுமார் 4 கிலோவாட் மணி ஆற்றல் வெளிப்படுகிறது. சாதாரண வண்டி அதை முழுவதும் பிரேக்கிலும் இன்ஜினிலும் வெப்பமாக வீணடிக்கிறது. மின்வாகனம் அதில் ஒரு நல்ல பங்கை மின்கலத்துக்குத் திருப்புகிறது, அப்படித் திருப்பும்போதே வண்டி மெல்ல மெல்ல வேகம் குறைகிறது. ஆனால் மின்கலம் முழுவதும் நிரம்பியிருந்தாலோ, இரவெல்லாம் வெளியே நின்று உறைந்திருந்தாலோ, அது ஆற்றலை ஏற்க மறுக்கும். பழகிய வேகக் குறைப்பு அன்று கிடைக்காது. மலைமேல் இருப்பவர்கள் நூறு சதவீதம் நிரப்பிக்கொண்டு இறங்கக் கூடாது என்பது இதனால்தான். பனிக்கட்டியில் இந்த மீள்பிடிப்பைக் குறைந்த அளவில் வைத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததுமே சக்கரம் வழுக்கலாம். நாங்கள் இதை விட்டதற்குக் காரணம் மலையும் அல்ல, குளிரும் அல்ல. தங்கை வாடகை வீட்டில் இருக்கிறாள், வண்டியைத் தெருவில் நிறுத்துகிறாள், இரவில் மின்னேற்ற வழியில்லை. அந்த வசதி இருந்திருந்தால் இந்த ஆய்வின் முடிவு வேறாக இருந்திருக்கும்.

நான்காவதைத்தான் வாங்கினோம். நீளமான, தாழ்ந்த உடலமைப்புக் கொண்ட ஸ்டேஷன் வேகன். ஆனால் தரை இடைவெளி 20 சென்டிமீட்டர். நான்கு சக்கரங்களும் எந்நேரமும் இயங்கும், நடுவில் டிஃபரன்ஷியல் உண்டு. இந்தக் கடைசி அம்சம் ஏற்றத்துக்காக அல்ல. இறக்கத்தில் கியரைக் குறைத்து இன்ஜினால் வேகத்தைக் கட்டும்போது, அந்தப் பிடிப்பு இரண்டு சக்கரங்களில் மட்டும் விழுந்தால் அந்த அச்சு வழுக்கிவிடலாம். நான்கிலும் பகிர்ந்தால் வழுக்கும் வாய்ப்புக் குறைவு. நான்கு சக்கர இயக்கம் இறக்கத்தில் தருகிற உண்மையான உதவி இது ஒன்றுதான். பல வண்டிகளில், பழைய வண்டியிலும்கூட, பின்சக்கரங்கள் வழுக்கல் தெரிந்தால் மட்டும் கிளட்ச் மூலம் இணையும். ஆக்சிலரேட்டரை விட்டு இறங்கும்போது அந்த இணைப்புத் தளர்ந்துவிடலாம். வாங்கும் முன் இதைக் கேட்டு உறுதிசெய்ய வேண்டும். தானியங்கி கியர் என்றால், ஓட்டுநர் தேர்ந்த தாழ்ந்த கியரை அது விடாமல் பிடித்துக்கொள்கிறதா என்று இறக்கத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

சக்கர அளவில் விற்பனையாளரோடு கொஞ்சம் வாதாட வேண்டியிருந்தது. வண்டி 18 அங்குலச் சக்கரங்களோடு நின்றது, பார்க்க அழகாகத்தான் இருந்தது. கையேட்டைப் புரட்டினோம். பனிச்சங்கிலி மாட்ட அனுமதித்த அளவு 16 அங்குலம் மட்டும். பெரிய சக்கரத்தில் டயருக்கும் சஸ்பென்ஷனுக்கும் இடையே சங்கிலி நுழைய இடமில்லை. சங்கிலியைப் பெட்டியில் வைத்துக்கொண்டு, தேவைப்படும் நாளில் மாட்ட முடியாமல் நிற்பவர்கள் இதைப் படித்திருக்க மாட்டார்கள். எங்கே மாட்டுவது, முன்னா பின்னா என்பதையும் கையேட்டில்தான் பார்க்க வேண்டும், நான்கு சக்கர வண்டிகளில் அது வண்டிக்கு வண்டி மாறுகிறது. 16 அங்குலம் வாங்கினோம். தங்கை வீட்டுத் தெருவிலேயே கையுறையோடு மூன்று முறை சங்கிலி மாட்டிப் பழகினாள்.

சின்ன விஷயங்கள் சில. எல்.இ.டி. விளக்கு முன்பக்கம் வெப்பத்தைத் தள்ளாது, பழைய ஹாலஜன் விளக்கைப் போலத் தன்மேல் ஒட்டிய பனியை உருக்காது. இருட்டில் கிளம்புகிறவளுக்கு விளக்குக் கழுவும் வசதி தேவைப்பட்டது. பனி மூடினால் முன்னால் இருக்கும் ரேடாரும் கேமராவும் குருடாகிவிடும், தானாகப் பிரேக் பிடிக்கும் வசதியை நம்பி மலையேறக் கூடாது. ஈய-அமில மின்கலம் மைனஸ் 18-இல் தன் திறனில் ஏறத்தாழ பாதியை இழக்கிறது, ஆகவே வயதான மின்கலத்தைக் குளிர்காலத்துக்கு முன்பே மாற்றினோம். டீசல் வண்டி வாங்குபவர்கள் குளிர்கால டீசல் கிடைக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும், சாதாரண டீசலில் மெழுகு படிந்து வடிகட்டி அடைத்துக்கொள்ளும். நாங்கள் பெட்ரோலோடு நின்றுவிட்டோம்.

ஒன்றைச் சின்ன விஷயம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் முரீ மலைநகரில் பனிப்புயலில் வாகனங்களோடு சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். புகைபோக்கி பனியில் மூடிவிட, உள்ளே ஹீட்டருக்காக இன்ஜினை ஓடவிடும்போது கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தங்கையின் வண்டியில் இப்போது ஒரு மண்வெட்டி இருக்கிறது. நின்றுபோனால் முதலில் புகைபோக்கியைத் தோண்டி எடுக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். போர்வை, தண்ணீர், கைவிளக்கு ஆகியவையும் இருக்கின்றன.

பிறகு இரண்டு குளிர்காலங்கள்

வண்டி நன்றாக ஓடுகிறது. ஆனால் 20 சென்டிமீட்டர் இடைவெளி 20 சென்டிமீட்டர் பனிக்குப் போதாது. முதல் குளிர்காலத்தின் டிசம்பரில் ஒரு காலை, இரண்டாவது வளைவிலேயே அடிப்பாகம் பனியில் உரசும் சத்தம் கேட்டு அவள் நிறுத்தினாள். பின்னோக்கி இறங்கி, அகலமான ஓரிடத்தில் திருப்பி, பனி அகற்றும் வண்டி வரும்வரை கீழே காத்திருந்தாள். வேலைக்கு ஒன்றரை மணி நேரம் தாமதம். அதற்குப் பிறகு இல்லத்தின் மேலாளரிடம் பேசி, பனி அதிகம் பெய்யும் இரவுக்கு மறுநாள் காலைப் பணியை மலைமேலேயே குடியிருக்கும் ஒருவரோடு மாற்றிக்கொள்ளும் ஏற்பாட்டைச் செய்துகொண்டாள். எந்த வண்டியாலும் செய்ய முடியாத வேலையை அந்த ஒரு பேச்சு செய்தது. வாகனம் தேடுவதற்கு முன்பே நாங்கள் கேட்டிருக்க வேண்டியது அது.

ஐந்தாவது வளைவுக்கு அவள் இப்போது 60 மீட்டர் முன்பே இரண்டாவது கியருக்கு வந்துவிடுகிறாள். பிரேக்கைத் தொடுவது மிக அரிது என்கிறாள்.

ஒவ்வொரு குளிர்காலமும் முதல் பனி இறுகியதும், மலையேறும் முன் அதே வாகன நிறுத்துமிடத்துக்குப் போய், 30 கிலோமீட்டரிலிருந்து ஐந்து முறை நிறுத்திப் பார்த்து அளக்கிறாள். எண்ணைக் கையுறைப் பெட்டிக்குள் இருக்கும் சிறு குறிப்பேட்டில் எழுதுகிறாள். முதல் ஆண்டு 12.5. அடுத்த ஆண்டு 13. இந்த ஆண்டு 14.5, வரிப்பள்ளம் 5 மில்லிமீட்டர். அன்று மாலையே என்னை அழைத்தாள். "சட்டப்படி இன்னும் ஒரு மில்லிமீட்டர் இருக்கிறது அண்ணா. ஆனால் பத்து சதவீத இறக்கத்துக்குக் கணக்குப் போட்டேன், கிட்டத்தட்ட 25 மீட்டர் வருகிறது. எனக்கு அது பிடிக்கவில்லை." புதிய டயர்கள் வரும் வியாழக்கிழமை மாட்டப்படுகின்றன. அதுவரை அவள் பனி அகற்றும் வண்டிக்குப் பின்னால்தான் போகிறாள்.